சர்வீஸ் புக்கில் ஒரு வரி

என் அத்தானை முப்பத்தைந்து வருஷம் கிண்டல் செய்தவன் நான். ‘பேனாப் பட்டாளம்’ என்று அவருக்குப் பெயர் வைத்ததே நான்தான். அக்காவுக்கு ராணுவத்தில் மாப்பிள்ளை என்றதும் தெருவே ஒரு முறுக்கு மீசையை எதிர்பார்த்துக் காத்திருந்தது. வந்து இறங்கியவருக்கு மீசையும் இல்லை, தொடை தட்டிச் சொல்ல ஒரு கதையும் இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா மட்டும் இருந்தது, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. “சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க அத்தான், மை தெளிப்பீங்களா?” என்று கேட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்கிற ஆளைக் கிண்டல் செய்வதில் ஒரு சங்கடம், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நான் நிறுத்தவே இல்லை.

அவர் வேலை கம்பெனி கிளார்க். ராணுவத்தில் கம்பெனி என்றால் நூற்றுச் சொச்சம் ஆட்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு சர்வீஸ் புக் உண்டு. சேர்ந்த நாள், எடுத்த லீவு, முடித்த பயிற்சி, பட்ட காயம், வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் ஏற வேண்டும். அதில் ஏறாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். அந்த நூற்றுச் சொச்சம் பேரின் வாழ்க்கையை அத்தான்தான் எழுதிக்கொண்டிருந்தார். கிளார்க்கும் ஒரு சிப்பாய்தானே, அவருக்கும் ஒரு புத்தகம் இருந்தது. ஆனால் அதில் மட்டும் அவர் கை படக் கூடாது, ஆபீசர்தான் எழுத வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். இல்லாவிட்டால் உலகத்துப் பதக்கமெல்லாம் கிளார்க்குகள் மார்பில்தான் தொங்கும்.

ஓய்வு பெற்று வந்தபிறகு பகல் முழுக்க என் கடையில்தான் இருப்பார். எனக்குக் கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை. மெஷினிலிருந்து விழுகிற தாளையெல்லாம் எடுத்து, மேஜையில் தட்டி விளிம்பு சேர்த்து, மூலையில் ஒரே சாய்வில் பின் அடித்துக் கொடுப்பார். எவனோ ஒருவனுடைய மனுவில் தேதி தப்பாக இருந்தால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. “தம்பி, இது முப்பது நாள் மாசம், முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு பாருங்க” என்று கூப்பிட்டுத் திருத்தச் சொல்வார். வக்கீல் குமாஸ்தாக்கள் அவரைக் கண்டால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அவரால் எனக்கு வியாபாரம் கெட்டதுதான் மிச்சம் என்று அக்காவிடம் புலம்பியிருக்கிறேன்.

அவருக்கு வலது காது கேட்காது. இளவயதில் சீழ் பிடித்துப் போய்விட்டது என்று சொல்லியிருந்தார், நாங்களும் நம்பினோம். போன வருஷம் இடது காதும் போக ஆரம்பித்தது. அக்கா அடுப்படியிலிருந்து நாலு தடவை கூப்பிடுவாள், ஐந்தாவது தடவை பாத்திரம் பறக்கும். “உக்காந்த இடத்துலயே உத்தியோகம் பாத்த உடம்பு, காதுகூட வளைஞ்சு குடுக்காது” என்பாள். என் அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். எனக்கும் அதே நாக்குதான்.

கடைசியில் நானும் அக்காவும் அவரை ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து என்னென்னவோ சத்தமெல்லாம் கேட்கவைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஐயா, இது வயசால வந்த செவிடு இல்ல. எப்பவாவது பெரிய வெடிச் சத்தம் பக்கத்துல கேட்டிருக்கீங்களா?”

“டைப்ரைட்டர் சத்தம்தான் கேட்டிருப்பார் டாக்டர்” என்றேன் நான். என் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

அத்தான் சிரிக்கவில்லை. “ஆமாம்மா. கண்ணிவெடி. ஏழெட்டு அடி தூரத்துல வெடிச்சுது” என்றார்.

அக்கா அவரை யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டாக்டரம்மா அவர் சர்வீஸ் புக்கைப் புரட்டினாள். காதுக்குள் ஒரு கருவி வைத்துத் தைக்கலாம், நரம்பு முழுக்கச் செத்துப்போவதற்குள் செய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, வெடியில் அடிபட்டவர்களுக்கு இங்கேயே செய்துவிடுவோம் என்றாள். “ஆனா உங்க புக்குல அப்படி ஒண்ணுமே இல்லியே ஐயா. இருபத்திரண்டு வருஷமும் ஆபீஸ் வேலைன்னுதான் இருக்கு. ஒரே ஒரு வரி இருந்தாப் போதும்.” வெளியே பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்ள எங்கள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து விற்றாலும் முடியாது. ஆக, அத்தானுக்குக் காது வேண்டுமென்றால் அந்த ஒரு வரி வேண்டும். இந்தப் பாடெல்லாம் அதற்காகத்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அதுவும் பிடுங்கிப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. எல்லையில் சண்டை ஓய்ந்தபிறகு, வயல்களில் புதைத்த வெடியையெல்லாம் எடுக்க அவர் கம்பெனியிலிருந்து பதினொரு பேர் போக வேண்டும். பத்துப் பேர்தான் தேறினார்கள். “கை நடுங்காத ஆள் வேணும், நீ வர்றியா?” என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். கிளார்க்கை அப்படி அனுப்பக் கூடாது, அதனால் உத்தரவு வாயோடு போயிற்று, தாளில் ஏறவில்லை. ஆறு வாரம் பயிற்சி. பிறகு பதினாலு மாசம், மண்ணில் குப்புறப் படுத்து, கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, ஜாண் ஜாணாக நகர்கிற வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தலைமை முகாமுக்கு வந்து எல்லார் புத்தகத்தையும் எழுதிவிட்டுத் திரும்புவார். ஒருநாள் பக்கத்து வரிசையில் இருந்தவன் கைக்கடியில் வெடித்தது. அவன் அங்கேயே போய்விட்டான். இவருக்கு வலது காது போயிற்று.

அந்தப் பதினொரு பேருக்கும் பதக்கம் என்று உத்தரவு வந்தது. பயிற்சி, காயம், பதக்கம் எல்லாவற்றையும் அத்தான் பத்துப் புத்தகத்தில் எழுதினார். செத்தவன் புத்தகத்திலும் எழுதி, கோடு போட்டு மூடினார். பதினோராவது புத்தகம் அவருடையது. அதை ஆபீசர் மேஜையில் வைத்தார். “அடுத்த வாரம் எழுதறேன்யா” என்றாராம் ஆபீசர். அடுத்த வாரம் அவருக்கே மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர், “நான் பாக்காததை நான் எப்படி எழுதறது?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“நீங்களே எழுதி, கையெழுத்துக்குப் போற கட்டுல சொருகியிருக்கலாமே அத்தான். பாத்தா கையெழுத்துப் போடறாங்க?”

“பாக்க மாட்டாங்க” என்றார். “அதனாலதான் எழுதல.”

இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அப்ப உனக்கு எட்டு மாசம்” என்றார்.

மனு எழுதினோம். அவர் எழுதினார், நான் டைப் அடித்தேன். ஆவணத் திருத்தப் பிரிவு என்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவன் நான், அந்த ஆபீசுக்கு எடுத்த நகலைப்போல எங்கும் எடுத்ததில்லை. முதல் பதில் நாலு மாசம் கழித்து வந்தது. பயிற்சிப் பட்டியலும் பதக்கப் பட்டியலும் முகாம் ஆஸ்பத்திரிப் பதிவும் ஏழு வருஷத்துக்குமேல் வைப்பதில்லை, அழித்தாயிற்று, கூட இருந்தவர்களின் சாட்சி கொண்டு வா. அந்த ஆபீசர் இறந்து பல வருஷம், பாக்கி ஒன்பது பேரில் தேடிக் கிடைத்தது ஒரே ஒரு லாரி டிரைவர். மனிதர் படுக்கையில் கிடந்தபடியே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “கிளார்க்கா? எனக்கு முன்னாடி வரிசையில அவர்தானே படுத்திருந்தார்” என்று கண் கலங்கினார்.

அதற்கு வந்த பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சாட்சி சொன்னவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு ஆதாரம் அவருடைய சர்வீஸ் புக். அந்தப் புத்தகத்தில் அதை எழுதியிருப்பது மனுதாரரின் கையெழுத்து. எனவே மனுதாரரின் எழுத்தை மனுதாரருக்கே ஆதாரமாக ஏற்பதற்கில்லை. தன் கையே தனக்குதவி என்பார்கள். என் அத்தானுக்குத் தன் கையே தனக்குச் சத்துரு.

அந்தக் காலத்தில், வேறொருவர் கைபட, அவர் அந்த இடத்தில் இருந்ததைக் காட்டும் ஏதாவது இருந்தால் அனுப்பலாம் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். அத்தான் அக்காவுக்கு வாரம் தவறாமல் கடிதம் போட்டவர். போட்ட இடத்துத் தபால் முத்திரை உறையில் இருக்கும். ராணுவத் தபாலில் ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு நம்பர். அந்தக் கண்ணிவெடி முகாமின் நம்பர் உறையில் குத்தியிருந்தால் அதை யாரும் மறுக்க முடியாது, குத்தியவன் தபால்காரன்.

அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்தெட்டு உறை. எல்லாவற்றிலும் அந்த நம்பர் பளிச்சென்று இருந்தது. நான் குதித்தேன்.

“லெட்டர் வேண்டாம் மச்சான்” என்றார் அத்தான்.

“என்ன அத்தான், இந்த வயசுல வெக்கமா? கண்ணே மணியேன்னு எழுதியிருந்தா எழுதியிருந்துட்டுப் போகட்டும், ஆபீசர்களும் கல்யாணம் ஆனவங்கதான்.”

“அது இல்லப்பா…” என்று இழுத்தார். நான் அதற்குள் இன்னும் நாலு கிண்டல் செய்துவிட்டேன். உறையை மட்டும் அனுப்பினால் போதும் என்று பார்த்தேன், ஆனால் உள்ளடக்கம் இல்லாத உறையை ஏற்பதில்லை, அசலாக அனுப்பவும் என்று குறிப்பில் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா என்று அக்காவைக் கேட்டேன். “புருஷன் பொண்டாட்டி லெட்டரைப் படிச்சியோ, கையை முறிச்சுடுவேன். அதுல என்ன இருக்கப் போகுது, நலம் நலமறிய ஆவல், பூனை சௌக்கியம். இதுதான்” என்றாள்.

பூனையா என்று கேட்டேன். ஆபீசில் ஒரு பூனை இருந்ததாம், ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றி எழுதுவாராம். சொல்லும்போது அக்காவின் முகம் இளகியது. நான் கட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது அன்றைக்குத்தான் தபால் நிலையத்தில் நடந்தது. ரசீதுகூட வாங்கி வைத்திருக்கிறேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை, மூன்று பேர், மேலே மின்விசிறி. மூன்று பேரும் நல்லவர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். அத்தானை உட்காரச் சொன்னார்கள், அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அத்தானின் இடது காது அதற்குள் முக்கால்வாசி போயிருந்தது. அதனால் அவர்கள் கேட்பதை நான் அவர் காதில் கத்த வேண்டும் என்று ஏற்பாடு.

நடுவில் இருந்தவர் கட்டிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “வெடிவிபத்து நடந்ததா நீங்க சொல்ற தேதிக்கு மறுநாள் எழுதினது. படிக்கிறேன்” என்று படித்தார்.

‘இங்கே எல்லாம் நலம். ஆபீசில் இன்று வேலை குறைவு. மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. பூனை மடியில் ஏறிப் படுத்துக்கொண்டு, எழுதுகிற கையை முட்டுகிறது. எனக்கு இங்கே ஒரு கஷ்டமும் இல்லை. மற்றவர்கள்தான் வெயிலில் போய்வருகிறார்கள், நான் நிழலில் இருக்கிறேன். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.’

படித்தவர் அத்தானைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானே? அப்ப நீங்க ஆபீஸ்ல இருந்ததா நீங்களே எழுதியிருக்கீங்க. அது உண்மையா, இல்ல இப்பச் சொல்றது உண்மையா?”

அதை நான் கத்தினேன். அத்தான், “இப்பச் சொல்றது சார். அந்தச் சமயம் முகாம் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்” என்றார்.

“பூனை?”

“அத்தான், பூனை இருந்துதான்னு கேக்கறாங்க!”

“இல்ல சார். பூனை கிடையாது.”

பக்கத்தில் அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவள் அந்தப் பூனைக்குப் பேர் வைத்திருந்தாள். பதில் கடிதத்திலெல்லாம் அதை விசாரித்திருக்கிறாள். பிறந்த குழந்தைக்குத் தாலாட்டில்கூட அந்தப் பூனை வந்திருக்கிறது. அது எனக்கே தெரியும், நான் கேட்டிருக்கிறேன்.

“அப்ப மனைவிக்குப் பொய் எழுதினீங்களா?”

இதையும் நான்தான் கத்த வேண்டும். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். மூன்றாவது ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அத்தானின் இடது காதில் குனிந்து, அந்த அறையும் தாழ்வாரமும் கேட்கிற மாதிரி, “அத்தான், அக்காவுக்குப் பொய் எழுதினீங்களான்னு கேக்கறாங்க!” என்று கத்தினேன். என் ஆயுசில் செய்த கிண்டலையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு கத்தலுக்கு ஈடாகாது.

“ஆமா சார். ஐம்பத்தெட்டு லெட்டரும் பொய்” என்றார். எண்ணிக்கை தப்பக் கூடாது அவருக்கு.

நான் குறுக்கிட்டேன். உறையைப் பாருங்கள், முத்திரையைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். தலைமை முகாம் ஆள்கூட அந்த முகாம் வழியாகத் தபால் போட்டிருக்கலாம் என்றார் ஒருவர். “எழுத்துல பொய் சொன்னதை ஒப்புக்கறவர் வார்த்தையை வச்சு நாங்க எப்படி எழுதறது, நீங்களே சொல்லுங்க” என்றார் நடுவில் இருந்தவர், நிஜமாகவே வருத்தத்தோடு. ஒரு புத்தகத்தில்கூடப் பொய் எழுதாத மனிதன். எழுதியிருந்தால் இன்றைக்குக் காது கேட்டிருக்கும். வீட்டில் எட்டு மாசக்காரி பயப்படக் கூடாதென்று எழுதிய பொய்யை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் என்னிடம் சொன்னாள். “அந்த லெட்டருக்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமாடா? ‘ஃபேன் காத்துல பூனையைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவருக்கு, இங்க நான் படற பாடு எங்க தெரியும்’னு போட்டேன். அதை அவர் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் படிச்சிருக்கார்.” முன் சீட்டில் அத்தான் பஸ் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்.

மனுவோடு அனுப்பிய சர்வீஸ் புக் மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே உத்தரவு. மனு தள்ளுபடி, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது புத்தகத்துக்குள் இருந்தது. விசாரணையில் ஒப்புக்கொண்டதைப் பதிய வேண்டும் என்று ஏதோ விதியாம். கடைசிப் பக்கத்தில், பச்சை மையில், முத்திரையோடு ஒரு வரி ஏறியிருந்தது. ‘பணிக்காலத்தில் தனது பணியிடம் குறித்து எழுத்து மூலம் பொய்த் தகவல் அளித்ததாக மனுதாரர் ஒப்புக்கொண்டார்.’

இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, இருபத்தொரு வருஷம் ஓய்விலும் இருந்தபிறகு, அவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய வரி.

அதற்குள் இடது காதும் அடைத்துப் போயிருந்தது. கத்தினாலும் பிரயோஜனமில்லை, உதட்டைப் பார்த்துத்தான் கொஞ்சம் புரிந்துகொள்வார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியைப் படித்தார். தேதியைப் பார்த்தார். உத்தரவு எண்ணை உத்தரவோடு ஒத்துப் பார்த்தார். முத்திரை கையெழுத்தின்மேல் பாதி விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

“சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றார். “என்ட்ரியில தப்பு ஒண்ணும் இல்ல.”

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். புத்தகத்தை அவர் மடியிலிருந்து எடுத்து, பச்சை மையில் விரலை வைத்தாள்.

“அந்தப் பொய்யை இவர் யாருக்கு எழுதினார்? எனக்கு எழுதினார். மன்னிக்கிறதோ தண்டிக்கிறதோ நான்ல செய்யணும்? என் லெட்டரைப் படிச்சுட்டு இவரைப் பொய்யன்னு எழுத இவங்க யாருடா?”

அவள் குரல் உடைந்து தெருவரைக்கும் கேட்டது. அத்தான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுததில் உதடு கோணிக்கொண்டு போயிற்று, அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்ன சொல்றா மச்சான்?” என்று என்னைக் கேட்டார்.

பொய் எழுதினீர்களா என்று அந்த அறையில் கத்தத் தெரிந்த எனக்கு, இதைச் சொல்ல வாய் வரவில்லை.